கானா அண்ணையின் மண்சுவர்

ஒரு பல்பு மாற்றுவதற்கு நான்கு பேரைக் கூப்பிடுகிற மனிதரை நான் கிரின்ஸ்டெட்டில்தான் கண்டேன். ஒருவர் கதிரையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஏற வேண்டும். ஒருவர் பழைய பல்பைக் கையில் வாங்க வேண்டும். நான்காவது ஆள் எதற்கு என்று கேட்டேன். "அவர் சும்மா நிக்கட்டும் தங்கச்சி. ஒரு ஆள் கதைச்சுக்கொண்டு நிண்டால் வேலை தெரியாது" என்றார். அந்த நான்காவது ஆள் பெரும்பாலும் என் கணவர்தான். சும்மா நிற்பதில் அவரை வெல்ல இந்த டென்மார்க்கில் ஆள் கிடையாது.

அப்படி ஆள் கூப்பிட்ட அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊர்த் தமிழரில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. எல்லோருக்கும் அவர் கானா அண்ணை. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ட் கானாவில் இறக்கிவிட்டு மாயமாகிவிட, பல வருடங்கள் அங்கேயே கிடந்து, அந்த நாட்டு வடக்கில் மண்வீடு கட்டிப் பிழைத்து, ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தவர். இறைச்சித் தொழிற்சாலையில் என் கணவரோடு ஒரே வரிசையில் வேலை. கல்யாணம் கட்டவில்லை. ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். வன்னியில் அவருக்கு ஓர் அக்கா, கணவனை இழந்தவர். அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். சொந்தம் என்று சொல்ல அவ்வளவுதான்.

எனக்கு ஆட்களே ஆகாது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி, துடைத்து, அவர்களோடு கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் போலிருக்கும். அதனால்தானோ என்னவோ, அவர் என் கண்ணில் எப்போதும் பட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆக்கள் எங்கை?" நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் எதிரே உட்கார்ந்திருப்போம். அது அவருக்கு ஆட்கள் கணக்கில் வராது.

நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்த காலத்தில் புதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினோம். கடைக்காரர் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நானும் கணவரும் மெல்ல மெல்ல ஏற்றியிருப்போம். கணவர்தான் வேலையிடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பின்னேரம் கானா அண்ணை ஒரு கூட்டத்தோடு வந்து இறங்கினார். படிக்கட்டில் ஒரே ஆரவாரம். கீழ்வீட்டு டேனிஷ்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வீதி போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து "ஹை" என்ற ஒரு சொல்லைத் தவிர எங்களோடு வேறெதுவும் பேசியதில்லை. ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கானா அண்ணை தன் அரைகுறை டேனிஷில், "வா, வா, இந்த மூலையைப் பிடி" என்று அவரிடம் சொன்னார். அந்த மனிதரும் வீட்டுச் செருப்போடு வந்து பிடித்தார். மேலே வந்ததும் எல்லோருக்கும் தேநீர் போட்டேன். டேனிஷ்காரர் குசினியில் நின்றபடியே இரண்டு கோப்பை குடித்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

கிரின்ஸ்டெட்டில் கார் இல்லாதவன் பாடு திண்டாட்டம். பஸ் எப்போதோ ஒன்று வரும். நேற்று வந்தவர்கள்கூட லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். கானா அண்ணை எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டார். ஓட்டிக் காட்டுகிற பரீட்சையன்று என் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், தம்பி பின் சீட்டில் இருக்கலாமோ என்று பரீட்சை அதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அவர் முடியாது என்று சொல்லியிருக்கிறார். "அப்ப நான் பேந்து வாறன்" என்று இவர் இறங்கிவிட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏனண்ணை, ஓடத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும் தங்கச்சி. ஆள் இல்லாத காரை என்னெண்டு ஓடுறது?"

"பரீட்சை வைக்கிறவர் பக்கத்தில இருப்பார்தானே?"

"அவர் குனிஞ்சு எழுதிக்கொண்டெல்லோ இருப்பார்" என்றார்.

இதன் பலனை அனுபவித்தது நான்தான். வேலைக்குச் சைக்கிளில் போய்விடுவார். எஸ்பியர்க்கில் உள்ள தமிழ்க் கடைக்குப் போவதென்றால் என் காரில்தான் வருவார். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். நான் "ஓம்", "அப்பிடியோ" என்று சொல்லிக்கொண்டு வீதியைப் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் கானாவின் தலைநகர் அக்ராவில் தான் இருந்த ஓர் அறையைப் பற்றிச் சொன்னார்.

ஏஜென்ட் விட்டுப்போனபின் அந்த அறையில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக வேறு வழி பார்த்துப் போய்விட்டார்கள். கடைசியில் இவர் மட்டும் மிஞ்சினார். மழைக்காலத்தில் மலேரியா பிடித்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவருக்கு எழும்ப முடியவில்லை. யாரையும் கூப்பிட அந்த ஊர்ப் பாஷை தெரியாது, குரலும் எழவில்லை. எத்தனை நாள் அப்படிக் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. தெருவில் சாப்பாடு விற்கிற ஒரு பெண்தான், தினமும் வாங்க வருகிற ஆள் எங்கே என்று யோசித்திருக்கிறாள். அவள் தனியாக வந்து கதவைத் தட்டவில்லை. தெருவையே கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைத்தாள்.

"ஒரு ஆள் செத்துக் கிடக்கிறதும் படுத்துக் கிடக்கிறதும் கதவுக்கு வெளியில நிக்கிறவனுக்கு ஒண்டுதான் தங்கச்சி" என்றார்.

அன்று நான் "அப்பிடியோ" என்று சொல்லவில்லை. காரை ஓரமாக நிறுத்தி என் போத்தலிலிருந்து தண்ணீர் குடித்தேன்.

கதவை உடைக்க வந்தவர்களில் ஒரு லொறிச் சாரதி இருந்தான். உடம்பு தேறியதும் அவன்தான் இவரைத் தன் சொந்த ஊருக்கு, வடக்கே, எல்லைக்குக் கிட்ட இருந்த ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே வீடென்றால் மண்வீடுதான். நனைத்துக் குழைத்த மண்ணைக் கையாலேயே ஒரு வரி வைப்பார்கள். அது காயவேண்டும். காயும்வரை அந்த வீட்டுக்காரன் சும்மா இருக்கமாட்டான். மற்றவன் வீட்டில் போய் ஒரு வரி வைத்துக் கொடுப்பான். இப்படி ஊர் முழுக்க ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே சுவர்கள் உயரும். கட்டுகிறவனுக்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரன் சாப்பாடு போடவேண்டும், அவ்வளவுதான். தரையை இறுக்குவது பெண்களின் வேலை. வரிசையாகக் குனிந்து நின்று, பாடிப் பாடி, மட்டைகளால் அடிப்பார்கள். கானா அண்ணை சுவரை விட்டுவிட்டுப் பெண்களின் வரிசையில் போய் நின்றுகொள்வாராம். ஊரே சிரித்திருக்கிறது.

"வெக்கமாயில்லையோ?" என்று கேட்டேன்.

"அவையள் பாடினவையல்லோ. சுவரில நிண்டவங்கள் ஒருத்தரும் பாடேல்லை" என்றார்.

பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவில் ஈரம் குறைந்த மண்ணைப் போட்டு, பாரமான கட்டையால் இடிப்பார்கள். மண் கல்லாகிவிடும். பலகையைக் கழற்றினால் சுவர் நிற்கும். அதையும் பழகிக்கொண்டார். டென்மார்க் மழைக்குக் குழைத்த மண் காயாது, இடித்த மண்தான் சரி என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

இங்கே எதற்கு மண்வீடு? அதற்கும் ஆட்கள்தான் காரணம். அவருடைய அறையில் பத்துப் பேர் கூடினால் பக்கத்து வீட்டார் சுவரில் தட்டுவார்கள். எங்கள் வீடுகளும் அப்படித்தான். பிறந்தநாள் என்றால் மண்டபம் எடுக்க வேண்டும். "ஆக்கள் வந்தால் இருக்க ஒரு இடம் வேணும், வாறதுக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லாத இடம்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். நகரத்தின் ஓரத்தில் கொலோனிஹேவ் என்று தோட்டத் துண்டுகள் வாடகைக்குக் கொடுப்பார்கள். டேனிஷ்காரர்கள் அங்கே ஒரு சின்ன மரவீடு கட்டி, கோடையில் பூச்செடி வளர்த்து, வெயிலில் படுத்திருப்பார்கள். எங்கள் கீழ்வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு துண்டு இருந்தது. அவருடைய சிபாரிசில் கானா அண்ணைக்கும் ஒன்று கிடைத்தது. மரத்தால்தான் கட்டவேண்டும் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மண்ணால் கட்டுவதற்கு ஒருவன் வருவான் என்று அவர்களில் யாரும் நினைத்துப் பார்க்காததுதான் காரணம்.

கீழ்வீட்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. தன்னுடைய அப்பாவின் மாட்டுக் கொட்டிலும் களிமண் சுவர்தான் என்றார். கீழே கல் வைத்து எழுப்பு, கூரையை நன்றாக வெளியே நீட்டு, இல்லாவிட்டால் பனி உறைந்து வெடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். கானா அண்ணை ஒன்றுக்குப் பத்துத் தரம் தலையாட்டினார். ஆபிரிக்காவில் பனி ஏது?

அந்த இலையுதிர்காலத்து முதல் சுவரை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கிரின்ஸ்டெட்டைச் சுற்றி எல்லாம் மணல் தரை. மண் வேண்டும், கொண்டு வாங்கோ என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை சனம் திரண்டு வந்தது. ரோல்ஸ், வடை, பியர், பிள்ளைகள், நாற்காலிகள். வந்த ஒவ்வொருவர் காரிலும் ஒரு மூட்டை மண். யாழ்ப்பாணத்துக்காரனிடம் மண் கேட்டால் என்ன கொண்டுவருவான்? தன்னிடம் உள்ளதில் நல்ல மண்ணைத்தான் கொண்டுவருவான். வருடக்கணக்காக எருவும் இலையும் போட்டு, மிளகாய்க்கும் கத்தரிக்கும் பதப்படுத்தி வைத்திருந்த கறுத்த மண்ணை எல்லோரும் மனமாரக் கொட்டினார்கள். "அண்ணை, இதில விதை போட்டால் ராவோட ராவா முளைக்கும்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

சுவருக்கு அந்த மண் ஆகவே ஆகாது. சுவருக்கு வேண்டியது எதுவும் முளைக்காத மண், களியும் மணலும் சரளையும் கலந்தது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். கையில் ஒரு பிடி எடுத்து உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டார். அது பொதுக்கென்று சப்பளிந்தது. அதைப் பார்த்தார், சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். "நல்லது, நல்லது, தொடங்குவம்" என்றார்.

மன்னாரில் கடல்தொழில் செய்து, இப்போது எஸ்பியர்க்கில் மீன் பெட்டி அடுக்குகிற ஒருவர் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துவிட்டார். பலகைக்குள் ஏறி நின்று எல்லோரும் அந்தத் தாளத்துக்கு இடித்தார்கள். என் மகள், வீட்டில் நான் எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிறவள், "ஏலேலோ" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கானா அண்ணை நடுவில் நின்று இடித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தச் சுவர் தறப்பாள் போர்த்தியபடி இருந்தது. பனி விட்டதும் போய்ப் பார்த்தோம். பாதி சரிந்து கிடந்தது. மீதியில் புல்லும், இரண்டு மூன்று கொத்தமல்லிக் கன்றுகளும் முளைத்திருந்தன.

"உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை? அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று நான் கோபப்பட்டேன்.

"ஆக்கள் கொண்டுவந்த மண்ணை வேண்டாம் எண்டு சொல்லேலுமே?" என்றார். கொத்தமல்லியைப் பிடுங்கி என்னிடம் தந்தார். சம்பலுக்குப் போட்டேன். நல்ல வாசமாகத்தான் இருந்தது.

இரண்டாம் சுவர் தொடங்கிய வசந்தகாலம்தான் வன்னியில் போர் முடிந்த வசந்தகாலம். இந்தத் தடவை மண் சரியாக இருந்தது. நகரத்தில் எங்கோ குழாய் பதிக்கத் தோண்டிய களியைக் கீழ்வீட்டுக்காரர் கேட்டுப் பேசி ஒரு ட்ரக்கில் கொண்டுவந்து கொட்டுவித்தார். உருட்டிப் போட்டால் இரண்டு மூன்று துண்டாகச் சீராக உடைந்தது. கல் அடித்தளம் போட்டாயிற்று. தொழிற்சாலையில் வீசின பலகைகளால் பெட்டி அடித்தாயிற்று. ஆட்கள்தான் இல்லை.

முதல் சனிக்கிழமை சிலர் வந்தார்கள். இடிக்கிற நேரத்தைவிடத் தொலைபேசியைப் பார்க்கிற நேரமே கூடுதல். அடுத்த கிழமை இரண்டு பேர். அதற்கடுத்த கிழமை ஒருவருமில்லை. யாரைக் குறை சொல்வது? ஒவ்வொரு வீட்டிலும் வானொலியும் இணையமும் ஓடிக்கொண்டே இருந்தன. வன்னியில் அந்தச் சின்னத் துண்டு நிலத்துக்குள் அகப்பட்ட சனத்தில் எங்கள் எல்லோருக்கும் யாரோ இருந்தார்கள். என் கணவரின் பெரியம்மா குடும்பம் இருந்தது. கோபன்ஹேகனில் ஊர்வலம் என்றால் பஸ் பிடித்துப் போவோம். ஹ்விடோவ்ரேயிலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் வந்தவர்களோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்துவோம். கடந்துபோகிற டேனிஷ்காரர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். கானா அண்ணை தொடக்கத்தில் எல்லா ஊர்வலத்துக்கும் வந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லோருக்கும் போன் எடுப்பார். "நாளைக்கு ஒரு அடுக்குப் போடுவம், ஒரு மணித்தியாலம் வந்தால் காணும்." ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னாராம்: "அண்ணை, இது வீடு கட்டுற நேரமோ?" அதற்குப் பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கேட்டே விட்டார். "அண்ணை, உங்கடை அக்காவும் பிள்ளையளும் அங்கை நிக்கேக்கை உங்களுக்கு மண் இடிக்க மனம் வருதோ?"

கானா அண்ணை கோபப்படவில்லை. கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "இடிச்சால் கை நோகுது தம்பி. கை நொந்தால் நித்திரை வருது" என்றார்.

கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

தனி ஆளாக மண் இடிப்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணைப் புரட்டி அளவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாளியில் அள்ளி ஏணியில் ஏற வேண்டும். பலகைக்குள் கொட்டி, காலால் பரப்பி, இடிக்க வேண்டும். பிறகு இறங்கி அடுத்த வாளி. ஆறேழு பேர் ஒரு பின்னேரத்தில் சிரித்துக் கதைத்துச் செய்கிற வேலை அவருக்கு இரண்டு மூன்று நாள் எடுத்தது. வேலை முடிந்து வருகிற வழியில் நான் அந்தத் தோட்டத்தைக் கடப்பேன். பூத்திருக்கிற ஆப்பிள் மரங்களுக்கு மேலே அவருடைய தலை எழும்பித் தாழ்வது தெரியும். கொடிக்கம்பங்கள், கத்தரித்த வேலிகள், வெயிலில் சாய்ந்திருக்கிற மனிதர்கள், நடுவில் அந்தத் தலை. பல்பு மாற்ற நான்கு பேரைக் கூப்பிட்ட மனிதரா இது என்றிருக்கும். சில நாள் நான் இறங்கிப் போய் வாளி நிரப்பிக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, பலகை நேராக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். கானா அண்ணை எங்கள் இருவரிடமும் "தக்" என்று டேனிஷில் நன்றி சொன்னார். தமிழில் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத ஆட்கள் நாங்கள். அதை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு என்னவோ போலிருந்தது.

வைகாசி, அதாவது மே மாத நடுவில் எல்லாம் முடிந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்குப் பிறகு கிரின்ஸ்டெட்டில் தமிழர் ஒருவரையொருவர் பார்ப்பதே நின்றுபோனது. கடைக்குப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். யாரையாவது கண்டால் "உங்கடை ஆக்கள்?" என்று கேட்கவேண்டி வரும். அவர் என்ன பதில் சொல்வாரோ என்று பயம். எல்லோரும் தங்கள் தங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு முகாம்களிலிருந்து போன் வருமா என்று காத்திருந்தோம். கணவரின் பெரியம்மா ஒரு முகாமில் இருக்கிறார் என்று தெரியவந்தது. அவருடைய மகனைப் பற்றித் தகவல் இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாமான் வாங்க எஸ்பியர்க் போனேன். தமிழ்க் கடையில், கானா அண்ணையின் அக்கா வீட்டுக்கு அடுத்த வளவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவளுடைய தாய் முகாமிலிருந்து கதைத்திருக்கிறாள்.

"கானா அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"இருக்கிறார். வீடு கட்டுறார். அவற்றை அக்காவைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ? அக்காவும் மூண்டு பிள்ளையளும் ஒரே பங்கருக்குள்ளை. எங்கடை அம்மாதான் கண்டவ. நான் வைகாசிக் கடைசியிலயே அண்ணைக்கு போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். நீங்கள் எல்லாரும் அவருக்குப் பக்கத்தில இருக்கிறியள் எண்டல்லோ நினைச்சன்."

வாங்கின சாமான்களைக் கடையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டார்கள். திரும்பிப் போக மனம் வரவில்லை. கிரின்ஸ்டெட் வரை கார் எப்படி ஓடியது என்று தெரியாது. வைகாசிக் கடைசி என்றால் முப்பத்தோராம் நாள் சடங்கே இன்னும் வரவில்லை. சாவுத் துடக்கு உள்ள வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலார்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இந்த மனிதர் துடக்கோடு தானே சமைத்து, தானே தின்று, வேலைக்குப் போய், என் கணவருக்குப் பக்கத்தில் நின்று இறைச்சி வெட்டி, பின்னேரங்களில் வீடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவர் கிரின்ஸ்டெட்டை விட்டுப் போனார். ஹ்விடோவ்ரேயில் இருப்பதாகக் கொஞ்சக் காலம் சொன்னார்கள், பிறகு லண்டன் என்றார்கள். எங்களுக்கு அவர் போன் எடுக்கவில்லை. அந்த மண்வீடு இன்னும் நிற்கிறது. கூரையை அகலமாக நீட்டியிருப்பதால் மழை சுவரைத் தொடுவதில்லை. இளம் டேனிஷ் தம்பதி ஒன்று இப்போது அதை வைத்திருக்கிறது, யார் கட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் எழுத உட்கார்ந்தது அந்த வீட்டுக்காக அல்ல. எஸ்பியர்க்கிலிருந்து வந்த அந்தப் பின்னேரத்துக்காகத்தான்.

காரை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. தொம். கொஞ்சம் கழித்து இன்னொரு தொம். கடைசிச் சுவர் ஓர் ஆளின் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. பலகைக்குள், அந்தச் சுவரின் மேலேயே நின்று இடித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சோம்பல் என்று நினைத்திருந்தோம்.

"வாங்கோ தங்கச்சி" என்றார். கை நிற்கவில்லை.

"அண்ணை, எஸ்பியர்க்கில அந்தப் பிள்ளையைக் கண்டனான்."

இரண்டு தரம் இடித்தார். "ஓம்" என்றார்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"செத்தவீட்டுக்கு ஆக்களைக் கூப்பிடுறேல்லையே. கேள்விப்பட்டுத்தானே வாறது."

"நீங்கள் சொல்லாட்டி நாங்கள் எப்பிடிக் கேள்விப்படுறது?"

"எல்லா வீட்டிலயும் அதுதானே தங்கச்சி. ஆர் ஆற்றை வீட்டுக்குப் போறது?" என்றார். குரலில் ஒன்றுமில்லை. கடையில் விலை சொல்கிற குரல்தான். "கொஞ்சம் நில்லுங்கோ. இந்த அடுக்கு முடியட்டும். பாதியில விட்டால் பேந்து போடுற மண் இதோடை ஒட்டாது, அந்த இடத்தில பிளக்கும்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன், அங்கே ஜன்னலைத் திறந்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தினால் போதும். இங்கே என்ன செய்வது? சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினேன். இன்னொரு கட்டை பலகையில் சாய்ந்திருந்தது. நான் நினைத்ததைவிடப் பாரம். இரண்டு கையாலும் தூக்கி, அவர் கட்டை மேலே போகிற நேரம் பார்த்து என்னுடையதைக் கீழே விட்டேன். தொம். அவருடையது விழுந்தது. தொம். பிறகு என்னுடையது.

நான்கைந்து தரம் அப்படிப் போயிருக்கும். பிறகு என்னுடைய சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் சுவரின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு "என்ரை அக்கா" என்று ஒரு குரல் எடுத்தார். ஊரில் செத்தவீட்டு வாசலில் நின்று பெண்கள் எடுப்பார்களே, அந்தக் குரல். எங்கோ புல் வெட்டிக்கொண்டிருந்த யந்திரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்து நின்று பார்த்தார்கள். அக்காவின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் அழுதார். அந்தப் பெயர்களை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவர் பெண்ணாக இருந்திருந்தால் கட்டிப்பிடித்து நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அண்ணை என்று கூப்பிடுகிற அயல் மனிதரை எப்படித் தொடுவது? எனக்கும் கண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டையைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை. இடித்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தை முடித்து நடுவுக்கு வந்தேன், நடுவிலிருந்து அவர் இருந்த பக்கம் வந்தேன். அவர் அழுகையை நிறுத்தாமலே காலை மட்டும் தூக்கி எனக்கு இடம் விட்டார். நான் அந்த இடத்தையும் இடித்தேன்.